மொட்டு எது, வாடிய பூ எது

மார்ச் 3, வெள்ளி

மருந்துக்கடைக்காரர் கொடுத்த டைரி இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பொன்மொழி அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய பக்கத்தில் ‘பொறுமை கடலினும் பெரிது.’ கடையில் வரிசையில் நிற்கிறவர்களுக்காகப் போட்டதாக இருக்கும்.

எழுத ஒரு விஷயம் இன்றுதான் கிடைத்தது. குன்னூர் போகிற சாலையில் ரஹ்மத் பாயின் நர்சரிக்குச் செண்டுமல்லி வாங்கப் போனவள் பன்னிரண்டு பைடன்ஸ் நாற்றுகளோடு திரும்பினேன். வெந்தயக்கீரை உயரம்கூட இல்லை. இலை மட்டும் நூல் நூலாக அழகாக இருக்கிறது.

"மஞ்சப் பூக்கா. தொங்குற தொட்டில வச்சா வழிஞ்சு எறங்கும். இப்ப வச்சா மழை புடிக்கிற வரைக்கும் பூ நிக்காது. பக்கத்துல போனா தேன் வாசம்" என்றார். பாய் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டாலும் மிச்சம் போதும் என்று வாங்கிவிட்டேன்.

அண்ணி இலையை விரலால் நீவிப் பார்த்தார். "ரோட்டோரம் மொளைச்சு சேலையில ஊசி ஊசியா ஒட்டுமே, அந்தச் செடியாட்டம் இருக்கு."

"அதுக்கு இது பங்காளியாம். பாயே சொன்னாரு."

"களைக்குப் பங்காளியக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்க. நீ ஒருத்திதான்டி கோத்தகிரில."

இந்த டைரியை யாராவது எடுத்துப் படித்தால் தலையும் வாலும் புரியட்டும் என்று எழுதுகிறேன். அண்ணி, என் அண்ணனின் மனைவி இந்திராணி. என்னைக் கொடி என்று கூப்பிடுவார். அண்ணன் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் திருப்பூரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டான். அண்ணி பிறந்த வீட்டுக்குப் போகாமல் என்னோடேயே இருந்துவிட்டார். புருஷன் போனபிறகு நாத்தனார் எதற்கு என்று ஊர் கேட்டது. இரண்டு பேருமாக அவர் மகன் மதிவாணனை வளர்த்தோம். அவன் இப்போது மனைவியோடு சென்னையில், தாம்பரத்தில் இருக்கிறான்.

ஜனவரியில் அண்ணிக்குக் கண்ணாடி மாற்றப் போனோம். கண்ணாடிக் கடைக்காரர் நாலு வில்லை மாற்றிப் பார்த்துவிட்டு, கோளாறு பார்வையில் இல்லை, கண்ணுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது, கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார். மதியிடம் சொன்னதும், "அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துடறேன், இங்கயே வைத்தியம், இங்கயே இருக்கட்டும்" என்றான். அத்தை என்ன செய்வாள் என்பது அந்தப் பேச்சில் வரவில்லை. வெயில் காலம் முடியட்டும் என்றார் அண்ணி. நானும் அதையே சொன்னேன். இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்.

மஞ்சள் நிறம் அவருக்குப் பளிச்சென்று தெரிகிறது. அதனால்தான் வாங்கினேன் என்று இல்லை. செண்டுமல்லி தீர்ந்துபோயிருந்தது.

மார்ச் 5, ஞாயிறு

ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு இலைமக்கு, ஒரு பங்கு பழைய சாண எரு, கூட இரண்டு கை மணல். தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடுமாம், அதனால் மணல். கம்பித் தொட்டிகளுக்குள் தேங்காய் நார் விரித்து, தொட்டிக்கு இரண்டாக ஆறு தொட்டி வைத்தேன். முன்வாசல் கம்பியில், வெயில் முழுதாக விழுகிற இடத்தில் தொங்குகின்றன. அண்ணி மண் கலந்தார். அவர் கலக்கினால் கட்டியே இருக்காது. இட்லி மாவு கரைக்கிற கை.

நுனியைக் கிள்ளிவிட வேண்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் பக்கத்தில் கிளை வெடிக்கும். பிழைக்குமோ பிழைக்காதோ என்று இருக்கிற பிள்ளைகளின் தலையைக் கிள்ள மனசு வரவில்லை. அண்ணி கிள்ளினார்.

மார்ச் 6, திங்கள்

மழை இல்லை. பால்காரர் வரவில்லை.

மார்ச் 14, செவ்வாய்

ஒவ்வொரு செடியிலும் நாலைந்து கிளை. காலையில் ஒரு சொம்பு, வெயில் அதிகமானால் மாலையில் அரைச் சொம்பு.

அண்ணி காப்பி குடித்துக்கொண்டே வாசல் கதவைப் பார்த்து, "இந்த நெலை எப்பலேர்ந்துடி வளைஞ்சு கெடக்கு?" என்று கேட்டார்.

வெயிலுக்கு வளைந்திருக்கும் என்றேன். நாங்கள் கதவுக்கு வைத்திருப்பது இரும்பு நிலை.

மார்ச் 26, ஞாயிறு

முதல் பூ. மூன்றாவது தொட்டியில், தெருப் பக்கம் பார்த்துக்கொண்டு. ஐந்து இதழ், நல்ல முட்டை மஞ்சள். அண்ணியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் பூவுக்கு நேரே பார்க்காமல் கொஞ்சம் தள்ளி, எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கிறவர் மாதிரி நின்று, "ஆமா, ஆமா, பூத்திருக்கு" என்றார். பிறகு குனிந்து மோந்து பார்த்தார்.

"தேன்தான். பாய் பொய் சொல்லல."

அந்த வாசனை கை வைத்துப் பிடிக்கிற மாதிரி இல்லை. தேடிக்கொண்டு போனால் இருக்காது. தண்ணீர் ஊற்றிவிட்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டு நிற்கும்போது வரும். மத்தியானம் கூடத்தில் படுத்திருந்தபோதும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். கதவு திறந்திருந்தது, பக்கத்துப் பாயில் அண்ணி மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், எங்கேயோ ஒரு ஜீப் மேட்டில் ஏற முடியாமல் முனகியது. இது போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. அறுபது வயதில் ஒருத்திக்கு இப்படித் தோன்றினால் அது பெரிய விஷயம்தான்.

ஏப்ரல் 2, ஞாயிறு

பூக்கள் எண்ண முடியாத அளவுக்கு வந்துவிட்டன. இனிமேல் வேலையே வாடியதைக் கிள்ளுவதுதான். விதை பிடிக்க விட்டால், வந்த காரியம் முடிந்தது என்று செடி பூப்பதை நிறுத்திவிடும். தினமும் கிள்ளி ஏமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அண்ணி அந்த வேலையைத் தானே செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். இதில் ஒரு சங்கடம் உண்டு. இதழ் உதிர்ந்த பூவும் விரியாத மொட்டும் தூரத்துப் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மொட்டு உருண்டையாக, மூடியிருக்கும். வாடியது கூம்பாக, நுனி கருத்திருக்கும். நான் காட்டிக் கொடுத்தேன். "எனக்குத் தெரியாதாக்கும்" என்றார்.

ஏப்ரல் 4, செவ்வாய்

நேற்றுக் காற்று அதிகம். மொட்டுகள் நிறைய உதிர்ந்துவிட்டன. உதிர்ந்தவையெல்லாம் அண்ணியின் முறத்துக்குள்ளேயே விழுந்திருந்தன. எடுத்துப்போய்ப் பின்பக்கம் எருக்குழியில் போட்டு மண் தள்ளினேன்.

வாடியவை செடியிலேயே இருந்தன. அவர் குளிக்கப் போனபோது நான் கிள்ளிவிட்டேன்.

மாலையில் மதி பேசினான். "அம்மா கண்ணு எப்படி இருக்கு அத்தை?"

"நல்லாருக்கு. பேப்பர் படிச்சிட்டிருக்காங்க" என்றேன். அண்ணி மடியில் பேப்பர் விரிந்துதான் இருந்தது.

ஏப்ரல் 8, சனி

மறுபடியும் காற்று.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரைக் கனி. நேற்று மாலையே தாம்பாளத்தில் மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம், வெற்றிலை, அண்ணியின் இரண்டு வளையல், அரிசி எல்லாம் வைத்து, பின்னால் கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டேன். மலையில் கொன்றைப் பூ ஏது? அதற்குப் பதில் பைடன்ஸ் பறித்து கண்ணாடியைச் சுற்றிலும் அடுக்கினேன். களைக்குப் பங்காளி சாமிக்கு ஆகுமா என்று ஒரு யோசனை. மஞ்சளாக இருந்தால் ஆகும்.

வருஷம் பிறக்கிற அன்று கண் விழித்ததும் முதலில் பார்ப்பது நல்லதாக இருக்க வேண்டும். எழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டே வர வேண்டும், ஒருத்தர் பின்னால் நின்று கண்ணைப் பொத்திக் கூட்டி வர வேண்டும். மதி சின்னவனாக இருந்தபோது விரல் இடுக்கில் எட்டிப் பார்ப்பான். இன்று அண்ணியின் கண்ணை நான் பொத்திக்கொண்டேன். என் உள்ளங்கையில் அவர் இமை துடித்தது. தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார வைத்து, கையை எடுத்தேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என் மூஞ்சியக் காணோம், கொடி."

அவர் தோளில் கை வைத்தேன்.

"சுத்தி மஞ்சளா இருக்கு. நடுவுல நான் இல்ல. ஒன் கை தெரியுது, தோள்ல வச்சிருக்கியே, அது தெரியுது." பிறகு தலையைத் திருப்பி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இப்ப வருது. ஓரமாப் பாத்தா வருது. நேராப் பாத்தா போயிடுது" என்றார். பயந்த குரல் இல்லை. மழை விட்டுவிட்டதா என்று பார்த்துச் சொல்கிற குரல்.

ஜன்னலுக்கு வெளியே மூட்டம். தேன் வாசனை வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அண்ணி ஒரு பலாச்சுளையை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தார். சாமிக்குக் காட்டுவதற்கு முன்னாலேயே தின்றுவிட்டோம்.

"மதிகிட்டச் சொல்லாத."

"சொல்லல."

"சொன்னா மறுநாளே வந்து நிப்பான். மூணாவது மாடி. அங்க போயி யாரு மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்?"

"சொல்லல அண்ணி."

இந்த மாதம் நான் காற்று என்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பாவம் காற்று.

ஏப்ரல் 21, வெள்ளி

பிற்பகல் ஆலங்கட்டி மழை. கல் கல்லாகக் கொட்டியது. ஆறு தொட்டியையும் கழற்றி கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தேன். கரண்ட் போய்விட்டது. வீட்டுக்குள் அரை வெளிச்சம், தகரக் கூரையில் சத்தம், எங்கள் இரண்டு பேரையும் சுற்றி மஞ்சள். வாசனை இத்தனை பக்கத்தில் இருந்தால் தலையைச் சுற்றும் என்று இன்றுதான் தெரிந்தது. ஏதோ குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது, மூச்சு மட்டும் நன்றாக வந்தது.

அண்ணி ஒரு தொட்டியை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டார். நான் அவர் விரலைப் பிடித்து ஒரு மொட்டின்மேல் வைத்தேன். "மொளகு மாதிரி இருக்கா? வழவழன்னு?"

"இருக்கு."

அடுத்து வாடியது. "இது?"

"சொரசொரங்குது. நுனி குத்துது."

"குத்துறதக் கிள்ளுங்க. மொளக விட்டுருங்க."

மழை நிற்பதற்குள் மூன்று தொட்டி முடித்துவிட்டார். முறத்தில் ஒரு மொட்டுகூட இல்லை. நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது, இத்தனை நாள் எது முறத்தில் விழுந்துகொண்டிருந்தது என்று. "பாவி, மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்றார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன்.

இனி அவருக்குக் கண் அவ்வளவு தேவைப்படாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை எழுதி வைக்கிறேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

மே 2, செவ்வாய்

இன்றுபோல் ஒரு நாளும் பூத்ததில்லை. தொட்டி தெரியவில்லை, நார் தெரியவில்லை, ஒரு முழம் நீளத்துக்கு மஞ்சள் இறங்கி ஆடுகிறது. வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிவு ஊற்றுகிறேன். அந்த நாற்றத்துக்கு எதிர்வீட்டம்மா ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். மறுநாள் பூவைப் பார்த்து அவரே போட்டோ எடுக்கிறார். சீசனுக்கு வந்தவர்களும் காரை நிறுத்தி எடுத்துக்கொண்டு போகிறார்கள். அண்ணி வாசலில் நாற்காலி போட்டு, பூவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் பூ தெரியும்.

பேப்பரை அவர் பிடித்துக்கொள்கிறார், நான் பின்னாலிருந்து படிக்கிறேன். அடுப்படியில் உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் இடம் மாற்றாமல் வைக்கிறேன். படிக்கட்டின் விளிம்பில் சுண்ணாம்பு அடித்தேன். போன் வந்தால் நான் எடுக்கிறேன். எல்லாம் சரியாக நடக்கிறது.

மதி ஜூனில் லீவு போட்டு வருகிறானாம். இன்றைய பொன்மொழியை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மே 9, செவ்வாய், காலை

இப்போதே எழுதிவிடுகிறேன்.

ஆறரை மணி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டம். அண்ணி சொம்போடு தொட்டிக்குத் தண்ணீர் விடப் போனார். நான் அடுப்படியில் இருந்தேன். வெளியிலிருந்து அவர் கேட்டார்: "கொடி, தண்ணி டாங்க யாருடி இங்க நகத்தி வச்சது?"

எங்கள் டாங்க் வீட்டுக்குப் பின்பக்கம், மேடைமேல் இருக்கிறது.

வாசலுக்கு வந்தேன். கடைசித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு காட்டெருமை நின்றது. முழுக் கிடா. கருப்பாக, ஈரமாக, முதுகிலிருந்து ஆவி வந்தது. பாதித் தொட்டியை மேய்ந்துவிட்டிருந்தது. வாயோரத்தில் மஞ்சள் பூ தொங்கியது. அண்ணிக்கும் அதற்கும் நடுவில் நாலடி. அவர் டாங்க்கைத் தட்டிப் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

கத்தக் கூடாது. இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். கத்தினால், ஓடினால், அது மிரண்டு முட்டித் தூக்கிவிடும். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "அண்ணி, கைய எறக்குங்க. திரும்பாதீங்க. அப்படியே பின்னால வாங்க. நான் இருக்கேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஒன்பது அடி பின்னாலேயே எடுத்து வைத்தார். சொம்பைக்கூடக் கீழே போடவில்லை. என் கைக்கு அவர் முதுகு எட்டியதும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். அது கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தது. பிறகு வேலியைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கிவிட்டது.

அடுப்படித் தரையில் உட்கார்ந்தோம். "மூச்சு விட்டுச்சு" என்றார் அண்ணி. "டாங்க் மூச்சு விடுதேன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மே 9, மத்தியானம்

மதிக்கு போன் பண்ணினேன். கண்ணாடியில் முகம் தெரியாததைச் சொன்னேன். எருமையைச் சொன்னேன். பேப்பர் பொய் என்றேன். வளைந்த நிலையைச் சொன்னேன். "காலைல வந்துடறேன்" என்று வைத்துவிட்டான்.

அண்ணி பக்கத்து அறையில்தான் இருந்தார். வேண்டுமென்றேதான் சத்தமாகப் பேசினேன். அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொரு வேலை செய்ய எனக்குத் தெம்பு இல்லை.

மே 10, புதன்

அண்ணி பேசவில்லை. மதி வந்துவிட்டான். அவனும் பேசவில்லை. மூன்று பேருக்கு உப்புமா செய்தேன்.

மே 13, சனி

கோயம்புத்தூர். முந்தாநாளே வந்து ஒரு லாட்ஜில் தங்கினோம். இரண்டு நாள் பரிசோதனை, கண்ணில் சொட்டு மருந்து, படம், மறுபடி சொட்டு மருந்து. இன்றுதான் பெரிய டாக்டரம்மா பார்த்தார். மதியைவிடச் சின்னவராக இருப்பார்.

விழித்திரையின் நடுவில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். இடது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது, அதில் போனது இனி வராது. வலது கண்ணில் ஊசி போட்டுப் பார்க்கலாம், மாதம் ஒன்று. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இரண்டையும் பிடித்திருக்கலாம் என்றார். "நேர்க்கோடு வளைஞ்சு தெரியறது எப்பலேர்ந்தும்மா?"

"ஒரு பத்து நாளா" என்றார் அண்ணி. நாலு நாளில் அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை. எனக்காகச் சொன்ன பொய்.

"இல்ல டாக்டர்" என்றேன். "மார்ச் பதினாலாம் தேதிலேர்ந்து. எனக்கு அன்னைக்கே தெரியும்."

டாக்டர் எழுதிக்கொண்டார். மதி என்னைத் திரும்பிப் பார்த்தான். பத்து வயதில் அவன் அப்பா போன அன்று என்னை எப்படிப் பார்த்தானோ அப்படி இருந்தது.

ஊசி போடும் அறைக்கு வெளியே நின்றபோதுதான் பேசினான். "பேப்பர் படிக்கிறாங்கன்னீங்களே அத்தை."

"படிச்சது நான். புடிச்சிட்டிருந்தது அவங்க."

"உங்கள நம்பித்தான நான் அங்க நிம்மதியா இருந்தேன்."

அவன் சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் அழுதுவிடுவானோ என்று இருந்தது. ஒரு கண். என் அண்ணியின் இடது கண். தனியாக இருக்கப் பயந்து நான் அதை விலையாகக் கொடுத்துவிட்டேன். அவரும் மறைத்தார், உண்மை. ஆனால் தெருவைப் பார்க்க முடிகிறவள் நான்தானே.

மே 15, திங்கள்

நேற்று ஊருக்கு வந்து அண்ணியின் துணிமணியைக் கட்டினோம், மதி அவரைத் தாம்பரத்துக்கே கூட்டிக்கொண்டு போகிறான். மேட்டுப்பாளையத்திலிருந்து அவர்கள் ரயில். மதி பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். அண்ணியின் வலது கண்ணில் கட்டுப் பிரித்திருந்தார்கள், கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தார். அதாவது என்னைத்தான் பார்த்தார்.

"நீ சொல்லாம இருந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல, கொடி. சொன்னதுக்குத்தான் கோவம்."

ரயிலில் ஏறிக்கொண்டார். நான் பஸ்ஸில் மலை ஏறினேன். பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் ஓரம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மே 22, திங்கள்

செடிகள் கால் நீட்டிப் படர்ந்து, நடுவில் சொட்டையாகிவிட்டன. ஒரு வாரமாக நான் கிள்ளவில்லை. விதை கருப்பு ஊசியாக நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கை மட்டமாக வெட்டிவிட்டு, புண்ணாக்குத் தெளிவு ஊற்றினேன். இரண்டு வாரத்தில் மறுபடி துளிர்க்க வேண்டும்.

வீட்டில் பேச ஆள் இல்லை. மத்தியானம் தூங்கினால் எழுந்திருக்கும்போது எந்த வேளை என்று தெரிவதில்லை. நேற்றுக் கனவில் அண்ணி கூடத்தில் உட்கார்ந்து பூவை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராகப் பார்த்தார். நான் பேசினால் கலைந்துவிடும் என்று பேசவில்லை.

மதி ஒரு வரி அனுப்புகிறான், தினமும். 'அம்மா நலம்.' நான் 'சரிப்பா' என்று அனுப்புகிறேன்.

ஜூன் 3, சனி

மழை பிடித்துவிட்டது.

ஜூன் 8, வியாழன்

மழை. துளிர்த்ததெல்லாம் குளிரில் நிற்கிறது. தொட்டியைக் கழற்றிக் கூரைக்குள் கொண்டுவர வேண்டும். நாளைக்குச் செய்யலாம்.

ஜூன் 12, திங்கள்

இன்று அண்ணிக்கு இரண்டாவது ஊசி. மதி சொன்னான். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். 'டாக்டர் பரவாயில்லை என்கிறார்' என்று வந்தது.

ஜூன் 16, வெள்ளி

பகல் பதினொன்றரைக்கு போன் அடித்தது. அண்ணியின் பழைய பட்டன் போன் நம்பர். ஜனவரிக்குப் பிறகு அதிலிருந்து அழைப்பு வந்ததே இல்லை. மதியின் மனைவி போட்டுக் கொடுத்திருப்பாள் என்று எடுத்தேன்.

"கொடியா?" என்றார் அண்ணி. "அப்பாடா. மொதத் தடவ யாரோ அரிசி மண்டிக்காரன். ரெண்டாவது ஒரு பொம்பள, சேலத்துக்காரி. அவகிட்டக் கொஞ்ச நேரம் பேசிட்டிருந்தேன், நல்ல மாதிரி. மூணாவது நீ."

"யாரு போட்டுக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. எல்லாரும் வேலைக்குப் போயாச்சு. எழுதி வச்சிருந்த நம்பர நானே பாத்து நானே அமுக்குனேன். வலது கண்ணால. மூணும் எட்டும் ஒரே மாதிரி இருக்கு, அதுலதான் தப்பிருச்சு."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி."

"ஊசி எங்க வேணாப் போட்டுக்கலாமாம். அடுத்தது ஜூலைல. கோயம்புத்தூர்லயே போட்டுக்கறேன்னு மதிகிட்டச் சொல்லிட்டேன். ராத்திரி முழுக்க மல்லுக்கு நின்னான். அத்தைகிட்ட மறுபடி எப்படி விடுவேங்கறான்."

"அவன் சொல்றது ஞாயந்தான அண்ணி."

"ஞாயந்தான். நான் இல்லைன்னு சொன்னனா? ரெண்டு கழுதையும் சேந்து ஒரு கண்ணத் தொலைச்சிட்டோம். அதுல என் பங்கு அதிகம், ஒன் பங்கு கொறைச்சல், அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "இப்பக் கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. பூவெல்லாம் எப்படி இருக்கு?"

நான் வாசலைப் பார்த்தேன். நாளைக்குச் செய்யலாம் என்று விட்ட தொட்டிகள் மழையிலேயே தொங்கின. நாரெல்லாம் ஊறிக் கருத்துவிட்டது. தண்டு அழுகிச் சரிந்து கிடந்தது. மஞ்சள் என்று சொல்ல ஒரு இதழ் இல்லை. நன்றாக இருக்கிறது, உங்களுக்காகத்தான் பூத்துக்கொண்டிருக்கிறது என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் அவர் சந்தோஷப்படுவார்.

"ஒண்ணும் இல்ல அண்ணி. நாலு தொட்டி அழுகிப்போச்சு. மீதி ரெண்டும் பொழைக்கிற மாதிரி இல்ல. நான் சரியாப் பாத்துக்கல."

"சரி" என்றார் அண்ணி. "அப்பக் கெளம்பி வரேன்."